தேவாலயக் கதவை ஊருக்குத் திறப்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைச் சபைகளுக்கு ஒரு செயல்முறை வழிகாட்டி

ஒரு கிழமையில் 168 மணித்தியாலம் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை, ஞாயிறு பாடசாலை, கிழமை நாளில் ஒரு செபக்கூட்டம் எல்லாவற்றையும் கூட்டினாலும் பல சபைகளில் கட்டடம் திறந்திருப்பது பத்து மணித்தியாலம் கூட வராது. மிச்ச நேரமெல்லாம் ஊரிலேயே பெரிய கூரையும் உயரமான சுவரும் நல்ல காற்றோட்டமும் உள்ள அந்த இடம் பூட்டிக் கிடக்கிறது. அதே ஒழுங்கையில் பிள்ளைகள் வீட்டு விறாந்தையில் கொப்பியை மடியில் வைத்து எழுதுகிறார்கள். கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணித் தாய்மார் வெயிலில் நிற்கிறார்கள். வயதானவர்களுக்குப் பின்னேரம் போய் இருந்து கதைக்க ஓரிடம் இல்லை.

கட்டடத்தைத் திறந்துவிட நினைக்கும் சபைகளுக்காக இதை எழுதுகிறோம். செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவை சின்னச் சின்ன வேலைகள்தான். ஆனால் இரண்டு விடயங்கள் பிசகினால் மற்ற எல்லாம் வீண். சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். உள்ளே வந்தவரிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அடுத்தடுத்த ஒழுங்கைகளில் வாழும் நம் பகுதியில் இரண்டாவதுதான் கடினமானது. ஆகவே அதற்குக் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

1. அனுமதி: வாயால் அல்ல, எழுத்தில்

கட்டடம் சட்டப்படி யாருடையது என்பதிலிருந்து தொடங்குங்கள். கத்தோலிக்கப் பங்கானால் பங்குத்தந்தை தலையாட்டினால் மட்டும் போதாது. திருச்சபைச் சட்டத்தின் 1210ஆம் இலக்கம், புனித இடத்தில் வழிபாட்டுக்கும் பக்திக்கும் உதவுபவற்றையே அனுமதிக்கிறது. இடத்தின் புனிதத்துக்கு முரணாகாத வேறு பயன்பாட்டுக்கு, அந்தந்தச் சந்தர்ப்பத்தைப் பார்த்து ஆயர் அனுமதி தரலாம். ஆகவே கோயிலின் உட்பகுதியைக் கேட்பதை விட, பங்கு மண்டபம், விறாந்தை, வளவு ஆகியவற்றில் தொடங்குவது இலகு. 2012இல் திருகோணமலையிலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டமான மட்டக்களப்பின் ஆயர் இல்லத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினால் தொடங்கலாம்.

மெதடிஸ்த திருச்சபை 1814இல் வில்லியம் ஓல்ட் வந்த நாளிலிருந்து மட்டக்களப்பில் இருக்கிறது. அதன் சொத்து விடயங்கள் சேகர மட்டத்தில் பேசப்பட வேண்டியவை. அங்கிலிக்கன் சபையில் குருவானவரையும் ஆலயக் குழுவையும் தாண்டி மறைமாவட்டம் வரை கேட்க வேண்டி வரும். வாடகை வீட்டில் கூடும் சுயாதீன சபையானால், வாடகை உடன்படிக்கையை எடுத்து வாசியுங்கள். வழிபாட்டுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் வீட்டுச் சொந்தக்காரரிடம் புதிதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: எந்தப் பகுதி, எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, திறப்பு யார் யாரிடம், உடைந்தால் யார் பொறுப்பு. இதைச் சபைக் கூட்டக் குறிப்பிலும் பதிய வேண்டும். குருவானவர்களும் போதகர்களும் சில வருடங்களில் மாற்றலாகிப் போவார்கள். ஒருவரின் நல்ல மனதில் மட்டும் நின்ற வேலை அவருடைய பெட்டி படுக்கையோடு சேர்ந்தே போய்விடும்.

2. சுற்றியுள்ள இருபது வீடுகள்

என்ன செய்யலாம் என்று சபைக்குள் இருந்து தீர்மானிக்காதீர்கள். தேவாலயத்துக்கு மிகக் கிட்டிய இருபது வீடுகளுக்கு இருவர் இருவராகப் போங்கள். ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. “நாங்கள் ஒரு திட்டம் தொடங்கப் போகிறோம், வாறீங்களா?” என்று கேட்டால் “ஓம், பார்ப்பம்” என்ற பதில்தான் வரும். அது மரியாதைக்குச் சொன்ன “இல்லை”. கேள்வி இப்படி இருக்கட்டும்: “பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளைகள் எங்க இருக்கிறாங்க? கரண்ட் நிண்டால் எங்க படிக்கிறாங்க? அம்மா, நீங்க கடைசியா எப்ப வெளியில போய் ஆறுதலா இருந்தீங்க?”

பிறகு பொறுப்பில் உள்ளவர்கள். கிராம உத்தியோகத்தர், அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், கிட்டிய பாடசாலை அதிபர், கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர். கடைசி இருவரைச் சபைகள் வழக்கமாக மறந்துவிடுகின்றன, அல்லது திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அனுப்பி முடித்துவிடுகின்றன. தொடங்குவதற்கு முன்பே நேரில் போய், “இதைத்தான் செய்யப் போகிறோம், இதைச் செய்யமாட்டோம்” என்று சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தெரியாமல் தொடங்கினால் இரண்டாம் கிழமையே “மதம் மாத்துறாங்க” என்ற கதை கிளம்பும். ஒருமுறை கிளம்பிவிட்டால் அதை அணைக்க வருடங்கள் எடுக்கும்.

அப்படியே அவர்களுடைய நாட்காட்டியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம், ரமழான் நோன்பு துறக்கும் நேரம், வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தம். வயல் ஊரானால் பெரும்போக விதைப்பும் அறுவடையும். இந்த நாட்களில் ஆட்கள் வராதது உங்கள் மேல் கோபத்தால் அல்ல.

3. கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை

ஒரு பின்னேரம், ஊன்றுகோலோடு நடக்கும் ஒருவரையும் கைக்குழந்தையோடு ஒரு தாயையும் கூட்டிக்கொண்டு கேற்றிலிருந்து உள்ளே நடந்து பாருங்கள். எங்கே நின்று யோசிக்கிறார்களோ அங்கேதான் உங்கள் வேலை.

முதல் தடை கேற். பூட்டாமல் சாத்தியிருந்தால் வெளியே நிற்பவருக்கு அது பூட்டியதாகவே தெரியும். ஒரு பக்கக் கதவை முழுதாகத் திறந்து சுவரோடு கொக்கி போடுங்கள். கடற்காற்றில் இரும்புக் கொக்கி ஒரு மாரியில் துருப்பிடித்துவிடும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்குக் கொக்கி வாங்குங்கள். பலகையில் நாளும் நேரமும் “உள்ளே வரலாம்” என்பதும் வீதியின் மறுகரையிலிருந்து வாசிக்கும்படி இருக்க வேண்டும். நான்கு அங்குல எழுத்துப் போதும். அம்பாறைப் பக்கம் சிங்களத்திலும் எழுதுங்கள்.

அடுத்தது செருப்பு. நம் ஊரில் யாரும் சொல்லாமலே வாசலில் கழற்றிவிடுவார்கள். நாற்பது சோடி வாசற்படியில் குவிந்தால் முதியவர் ஒருவர் தடுக்கி விழுவதற்கு வேறு காரணம் தேவையில்லை. படியிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி, நிழலில், இரண்டு தட்டு இறாக்கை ஒன்று வையுங்கள். இறாக்கையிலிருந்து கதவு வரை பாயோ கயிற்று விரிப்போ போடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியான சீமெந்துத் தரை வெறுங்காலைச் சுடும். சக்கர நாற்காலியில் வருபவரிடமும், காலில் புண்ணுக்குக் கட்டுப் போட்டவரிடமும், நீரிழிவு நோயாளியிடமும் செருப்பைக் கழற்றச் சொல்லவே கூடாது.

பிறகு படி. சாய்தளம் கட்டும்போது நடக்கும் பிழை எப்போதும் ஒன்றே: செங்குத்தாகக் கட்டிவிடுவது. ஒரு அலகு உயரத்துக்குப் பன்னிரண்டு அலகு நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படி மூன்று என்றால் உயரம் 45 சென்ரிமீற்றர். அதற்குச் சாய்தளம் 5.4 மீற்றர். மேசன் பெரும்பாலும் இரண்டு மீற்றரில் முடித்துத் தருவார். அதில் சக்கர நாற்காலியைத் தள்ள இரண்டு பேர் வேண்டும், மழை நாளில் இறங்கவே முடியாது. அகலம் ஒரு மீற்றருக்குக் குறையாமலும், மேலே கதவின் முன்னால் நாற்காலி திரும்ப ஒன்றரை மீற்றர் சமதளமும், ஓரத்தில் சில்லு வழுக்கி விழாமல் ஒரு சிறு வரம்பும் இருக்கட்டும். மேற்பரப்பில் தரை ஓடு (ரைல்ஸ்) பதிக்காமல் ஈரச் சீமெந்தைத் தும்புத்தடியால் குறுக்கே இழுத்துக் கோடு போடச் சொல்லுங்கள். அவ்வளவு நீளத்துக்கு முன்னால் இடமில்லை என்றால் பக்கக் கதவைப் பாருங்கள். பல பழைய தேவாலயங்களில் பக்கவாட்டு நிலம் உயர்ந்திருக்கும், அங்கே ஒரு படிதான் இருக்கும். ஆனால் அந்தக் கதவு எல்லோரும் பாவிக்கும் கதவாக இருக்க வேண்டும். ஊனமுற்றோருக்கென்று பின்புறமாகத் தனிவழி விடுவது வரவேற்பு ஆகாது.

பெரிய மரக்கதவுகள் அநேகமாக உள்நோக்கித் திறப்பவை. கூட்டம் நெருக்கி வெளியேறும்போது அவை திறக்காமல் அடைபடும். ஆட்கள் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் அவற்றை முழுதாகத் திறந்து கொக்கியில் மாட்டுங்கள். நிலத்தில் இறங்கும் தாழ்ப்பாளை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டாவது கதவு ஒன்றும் கட்டாயம் பூட்டில்லாமல் இருக்க வேண்டும், அதன் முன்னால் கதிரை அடுக்கக் கூடாது.

வாங்குகளைப் பற்றிப் பெரிய சண்டை வரும். தாத்தா காலத்து முதிரை வாங்கு, பூட்டன் பெயர் வெட்டியது. எல்லாவற்றையும் அகற்றத் தேவையில்லை. பின்வரிசை நான்கை மட்டும் சுவரோரம் திருப்பினால் நடுவில் இடம் வரும். வாங்கின் காலடியில் பழைய ரியூப் இறப்பரை வெட்டி ஆணி அடித்துவிட்டால் தரையும் கீறாது, இழுக்கும் சத்தமும் வராது. பிளாஸ்ரிக் கதிரை வாங்கினால் பத்துக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். வெயிலில் கிடந்து நிறம் வெளுத்த கதிரை பாரம் ஏறியதும் காலடியில் பிளக்கும். அவற்றை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.

மலசலகூடம். எங்கே போனாலும் பெண்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். உட்பக்கம் தாழ்ப்பாள், எரியும் லைற், நிறைந்த வாளி, மூடியுள்ள குப்பைத்தொட்டி, சவர்க்காரம். இந்த ஐந்தும் இருந்தால் மீண்டும் வருவார்கள். திறப்பு வேண்டுமென்றால் போதகரிடம் போய்க் கேட்க வேண்டும் என்றிருந்தால் வரமாட்டார்கள், காரணமும் சொல்லமாட்டார்கள். வாவிக் கரையோரக் கிணறுகள் பல உவர் கலந்தவை. கழுவ அது போதும், குடிக்கக் குழாய்த் தண்ணீர் அல்லது கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் போட்ட பின்னரே பாவியுங்கள்.

மின்சாரம். பழைய தேவாலயங்களில் முகட்டு வயரை அணிலும் எலியும் கடித்திருக்கும். தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு ஒருமுறை முழுதாகப் பார்ப்பிக்க வேண்டும். மின் கசிந்தால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச் இல்லையென்றால் முதல் செலவு அதுதான். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள். 2000 வாற்றுக் கேத்தில் ஒன்று 230 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். அதை 5 அம்பியர் பிளக்கில் இருந்து நீட்டிய வயரில், அதே வயரில் ஒலிபெருக்கியும் இரண்டு பேனும் சேர்த்துக் கொழுவுவதுதான் வழமையான விபத்து. வயர் முதலில் சூடாகும், பிறகு மணக்கும், பிறகு உருகும். கேத்திலுக்குத் தனிப் பிளக். வணக்கத்தலங்களுக்கு மின்கட்டணத்தில் தனி வகுப்பு உண்டு; மண்டபத்தைக் காசுக்கு விடப் போகிறீர்கள் என்றால் அந்த வகுப்புப் பாதிக்கப்படுமா என்று மின்சார அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

எதிரொலியும் ஒரு தடைதான். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். சத்தம் இழுபட்டுக்கொண்டே போனால் காது மந்தமானவருக்குப் பேச்சு ஒன்றும் விளங்காது. ஒலிபெருக்கியைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். இரண்டு பக்கச் சுவரிலும் தடித்த துணி தொங்கவிட்டு, தரையில் பாய் விரித்து, கதிரைகளை வட்டமாகக் கிட்டப் போட்டால் ஒலிபெருக்கியே தேவைப்படாது. தகரக் கூரையானால் பெருமழையில் எதுவும் கேட்காது. அந்த நேரம் பேச்சை நிறுத்தித் தேத்தண்ணீர் கொடுங்கள்.

4. ஒரு பக்க வாக்குறுதி

இதை அச்சிட்டு வாசலில் ஒட்டுங்கள். வார்த்தைகளை உங்கள் ஊருக்கேற்ப மாற்றலாம், பொருளை மாற்ற வேண்டாம்.

“இந்த இடம் புதன்கிழமை பின்னேரம் 3.00 முதல் 6.00 வரை எல்லோருக்கும் திறந்திருக்கும். உங்கள் மதத்தை யாரும் கேட்கமாட்டார்கள். இந்த நேரத்தில் பிரசங்கம், துண்டுப்பிரசுரம், காணிக்கைத் தட்டு இல்லை. இங்கு வருபவர்களின் படத்தை அவர்களைக் கேட்காமல் எடுக்கமாட்டோம். பெயர், தொலைபேசி இலக்கம் தரத் தேவையில்லை. பிள்ளைகளின் பெயர் மட்டும் அவர்களுடைய பாதுகாப்புக்காகப் பதியப்படும்.”

இதைச் சபையாரே முதலில் ஏற்க வேண்டும். “அப்ப எதுக்கு இந்த வேலை?” என்று யாரோ ஒருவர் கட்டாயம் கேட்பார். கூட்டத்திலேயே அதைப் பேசி முடியுங்கள். அயலவரை நேசிப்பதற்குக் கூலி வாங்குவதில்லை என்பதுதான் பதில். இதை மனதார ஏற்காதவரை வாசல் முறையில் போட வேண்டாம். அவர் ஒருநாள் அன்பாகவே ஒரு சிறு புத்தகத்தை யாரோ ஒரு தாயின் கைக்குள் வைத்துவிடுவார், அந்தத் தாய் அடுத்த கிழமை வரமாட்டார்.

அதற்காகச் சிலுவையை மூடவோ கழற்றவோ வேண்டாம். இது தேவாலயம் என்று தெரிந்துதான் வருகிறார்கள். எதையும் மறைத்தால்தான் சந்தேகம் வரும். ஆனால் கதிரைகளைப் பலிபீடத்தைப் பார்த்துப் போடாமல் பக்கச் சுவரைப் பார்த்துப் போடுங்கள். நற்கருணைப் பேழையும் பீடமும் உள்ள பகுதியைக் கயிறோ திரையோ கட்டிப் பிரித்துவிடுங்கள். சபையாருக்கும் அது நிம்மதி, மற்றவர்களுக்கும் அது நிம்மதி. யாராவது தாமாகவே செபிக்கச் சொல்லிக் கேட்டால் மறுக்க வேண்டாம். அந்த நேரம் முடிந்த பிறகு, தனியே.

படம் எடுப்பதைப் பற்றி இன்னும் ஒரு சொல். தேவாலயத்துக்குள் இருந்து தையல் பழகும் முஸ்லிம் பெண்ணின் படம் முகநூலில் போனால், அதற்கு அவர் வீட்டிலும் ஊரிலும் பதில் சொல்ல வேண்டி வரும். உதவி தந்தவர்களுக்கு அறிக்கை வேண்டுமென்றால் கைகளை, தைத்த துணியை, கதிரைகளைப் படமெடுத்து அனுப்புங்கள்.

5. வாசலில் நிற்பவர்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் இழந்தோம். அதன் பிறகு பல சபைகள் கேற்றைப் பூட்டின. அந்தப் பயத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இந்த வேலையைத் தொடங்குமுன் சபையில் அதைப் பேசவேண்டும், குறிப்பாக அன்று உறவுகளை இழந்தவர்கள் இருக்கும் சபைகளில் அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்கள் ஓம் என்ற பிறகே தொடங்க வேண்டும்.

நடைமுறையில் பாதுகாப்பும் வரவேற்பும் ஒரே ஆளின் வேலை. கேற்றடியில் நிழலில் ஒரு கதிரை, அதில் ஊரைத் தெரிந்த ஒருவர். வருபவரை எழுந்து நின்று “வாங்க” என்று சொல்லி, இரண்டு சொல் கதைத்து, இடத்தைக் காட்டிவிட வேண்டும். கதைக்கப்பட்ட ஆளை எல்லோருக்கும் நினைவிருக்கும். வாகனங்கள் வளவுக்கு வெளியே. பெரிய பைகள் வாசல் மேசையில். பொலிஸ் நிலையம் ஏதேனும் ஒழுங்கு சொன்னால் அதைக் கடைப்பிடியுங்கள்.

ஒரு விதி மட்டும் மீறக் கூடாதது: பையைப் பார்ப்பதென்றால் எல்லோருடைய பையையும் பாருங்கள், சபை மூப்பருடையதையும் சேர்த்து. அபாயா அணிந்தவரின் பையை மட்டும் பார்த்தால் அந்த ஒரு நிமிடத்தோடு உங்கள் வாக்குறுதிப் பலகைக்கு அர்த்தமில்லை.

ஆட்கணக்கு: ஒரு முறைக்குக் குறைந்தது நான்கு பேர். கேற்றடியில் ஒருவர், உள்ளே இருவர், குசினியில் ஒருவர். பதினாறு பேர் இருந்தால் ஒருவருக்கு மாதம் ஒருமுறைதான் முறை வரும். எட்டுப் பேர் என்றால் இரு கிழமைக்கு ஒருமுறை. நான்கே பேரோடு தொடங்கினால் மூன்றாம் மாதம் களைத்துவிடுவார்கள்.

6. தேத்தண்ணீரும் கடியும்

ஐம்பது பேருக்குப் பிளேன்ரீ: தண்ணீர் ஏழரை லீற்றர், தேயிலைத்தூள் 100 முதல் 125 கிராம், இடித்த இஞ்சி ஒரு கைப்பிடி. சீனியைக் கலக்காமல் தனியே வையுங்கள், அரைக் கிலோ போதும். நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பில்லாமல் கேட்கக் கூச்சப்பட்டு இனிப்போடு குடித்துவிடுகிறார்கள். கண்ணாடிக் கோப்பையோ சில்வர் கோப்பையோ வாங்கிவையுங்கள். சவர்க்காரத் தண்ணீர், நல்ல தண்ணீர், கடைசியில் சுடுதண்ணீர் என்று மூன்று பேசினில் கழுவலாம்.

உணவில் எல்லோரும் கைவைக்கக் கூடியது அவித்த கடலை, கௌபி, பயறு, மரவள்ளிக்கிழங்கு. ஐம்பது பேருக்குக் காய்ந்த கடலை இரண்டரைக் கிலோ, முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். கிழங்குக்குச் சம்பல் இடிக்கும்போதுதான் பிழை நடக்கிறது. மாசிக் கருவாடு போட்ட சம்பல் மரக்கறி அல்ல. வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடும் அம்மா ஒருவர் தெரியாமல் தொட்டுக்கொண்டால் அவருக்கு அது மனவருத்தம். மாசியில்லாமலே இடியுங்கள், தனிக் கரண்டி போடுங்கள். இறைச்சியை முழுவதுமாகத் தவிர்த்தால் ஹலால் கேள்வியும் எழாது. சபைக் குசினியில் பன்றி இறைச்சி சமைத்த சட்டி இருந்தால் இதற்கெனப் புதுச் சட்டி ஒன்று வாங்குங்கள், அதை முஸ்லிம் அயலவர்களிடம் சொல்லவும் செய்யுங்கள். அவித்த பயறு வகையை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். நம் வெப்பத்தில் தேங்காய்ப்பூ சேர்ந்தது அதற்கு முன்பே புளிக்கும்.

7. பிள்ளைகள் வரும்போது

எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள், ஒருவர் பெண். பூட்டிய அறைக்குள் ஒருவரும் ஒரு பிள்ளையும் தனியே இருக்கக் கூடாது, அவர் போதகரானாலும் சரி. வந்த நேரம், கூட்டிப்போனவர் பெயர், இரண்டையும் கொப்பியில் பதியுங்கள். சின்னப் பிள்ளையை மலசலகூடத்துக்கு மூத்த பிள்ளையோடு அனுப்பாமல், தாய்மாரில் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். யாரையாவது பற்றிப் பிள்ளை முறையிட்டால் சபைக்குள் விசாரித்து மூட வேண்டாம். சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு அறிவிக்க வேண்டும். சபையின் பெயர் கெடும் என்று மறைப்பதுதான் சபை செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு.

சுவரில் பெரிதாக எழுத வேண்டிய மற்ற இலக்கங்கள்: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவம் 117.

8. முதல் எட்டுக் கிழமை

திறப்பு விழா வேண்டாம். மேடை, மாலை, அரசியல்வாதி, முந்நூறு பேர் வந்து போன இடத்தில் அடுத்த கிழமை ஆறு பேர் வந்தால் எல்லோருக்கும் மனம் விட்டுப்போகும். ஒரே ஒரு பின்னேரம், ஒரே நேரம், எட்டுக் கிழமை. முதல் கிழமை மூன்று பேர் வந்தாலும் ஆறு மணி வரை திறந்திருக்க வேண்டும். “ஆக்கள் இல்லை” என்று ஐந்து மணிக்குப் பூட்டிய நாளில்தான் ஐந்தரைக்கு ஒருவர் வந்து பூட்டிய கேற்றைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் போய்ச் சொல்லும் கதை உங்கள் பலகையை விட வேகமாக ஊரைச் சுற்றும்.

என்ன செய்வது என்று கேட்டால்: படிக்க மேசையும் நல்ல லைற்றும், பத்திரிகை இரண்டு, கரம்போட் ஒன்று, ஒரு தையல் மெசின், விண்ணப்பப் படிவம் நிரப்ப உதவும் ஒருவர். கடைசியானதற்குத்தான் ஆட்கள் அதிகம் வருவார்கள். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கான மேன்முறையீடு, பிறப்புச் சான்றிதழ் பிரதி, சிங்களத்தில் வந்த கடிதம் ஒன்று என்று கையில் சுருட்டிக்கொண்டு வருவார்கள். மூன்று மொழியும் தெரிந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் கிடைத்தால் அவருக்கு நல்ல கதிரை கொடுங்கள்.

எட்டாம் கிழமை முடிவில், கேற்றடியில் நிற்பவர் பெயரில்லாமல் ஆட்கணக்கு மட்டும் எழுதிய கொப்பியைப் பாருங்கள். சபைக்கு வெளியிலிருந்து எத்தனை பேர்? இரண்டாம் முறை வந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டாவதுதான் உண்மையான கணக்கு. அது கூடிக்கொண்டிருந்தால் இரண்டாம் நாள் ஒன்றைச் சேர்க்கலாம். குறைந்தால் நாளைக் கூட்டாமல், வராமல் விட்டவர்களின் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

9. காசு

செலவு நினைப்பதை விடக் குறைவு. 75 வாற்றுப் பேன் எட்டு நான்கு மணித்தியாலம் ஓடினால் 2.4 அலகு மின்சாரம். தேத்தண்ணீரும் கடலையும்தான் பெருஞ்செலவு. இதற்குத் தனிக் கணக்குக் கொப்பி வையுங்கள், சபைக் காணிக்கையோடு கலக்க வேண்டாம். உண்டியலை வாசலில் வைக்காதீர்கள். தர விரும்புகிறவர் தேடி வந்து தருவார்.

மண்டபத்தை வெளியாருக்கு விடத் தொடங்கினால் ஒரே ஒரு பதிவுக் கொப்பி, ஒரே ஒருவர் கையில். இரண்டு இடத்தில் பதிந்தால் ஒரே நாளில் ரியூசனும் பூப்புனித நீராட்டு விழாவும் மோதும். கட்டணம் எல்லோருக்கும் ஒன்று. மதுபானம், கட்சிக் கூட்டம் இரண்டுக்கும் யார் கேட்டாலும் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குப் பின் எதுவும் வேண்டாம், ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டித் துடைக்க நேரம் வேண்டும்.

10. மாரிக்கு முன்

நவம்பரிலிருந்து ஜனவரி வரை பெருமழைக் காலம். 1978 சூறாவளியிலும் 2004 ஆழிப்பேரலையிலும் 2011 ஜனவரி வெள்ளத்திலும் இங்கு சனம் ஓடிவந்தது பாடசாலைக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும்தான். உங்கள் கட்டடமும் அப்படிப் பாவிக்கப்படும். ஆகவே ஒக்ரோபருக்குள் கிராம உத்தியோகத்தரோடு இருந்து பேசி, எத்தனை பேரை ஏற்கலாம் என்று எழுதிவையுங்கள்.

கணக்கு இதுதான். உலகளவில் பாவிக்கப்படும் மனிதநேய நியமப்படி தங்கும் ஒருவருக்கு 3.5 சதுர மீற்றர் கூரையிடம் வேண்டும், ஒரு நாளைக்குப் பதினைந்து லீற்றர் தண்ணீர். 20 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் உள்ள தேவாலயம் 140 சதுர மீற்றர். அதில் நாற்பது பேர் தங்கலாம், 600 லீற்றர் தண்ணீர் வேண்டும். ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஒன்றரை நாளுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வரும். நூற்றிருபது பேரை ஏற்போம் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். தாழ்வான இடத்தில் உள்ள கட்டடமானால் ஏற்க முடியாது என்று முன்பே சொல்லிவிடுவதும் ஓர் உதவி. சனம் அங்கே வந்து மாட்டுப்படாது.

பெண்களும் சின்னப் பிள்ளைகளும் தூங்கும் பக்கத்தை மலசலகூடத்துக்குக் கிட்டியதாகவும் லைற் உள்ளதாகவும் வையுங்கள். முஸ்லிம் குடும்பங்கள் வந்தால் தொழுவதற்கு ஒரு மூலையும் சுத்தமான பாயும், மேற்கு நோக்கிச் சற்று வடக்கே சாய்ந்த திசையைக் காட்ட ஒருவரும் போதும்.

கேற், பிரதான கதவு, மலசலகூடம், குசினி நான்குக்கும் திறப்புகள் மூன்று கொத்து. ஒன்று போதகரிடம் அல்லது பங்குத்தந்தையிடம், ஒன்று கிட்டிய வீட்டில், ஒன்று கிராம உத்தியோகத்தரிடம். வெள்ளம் இரவிலும் வரும், திறப்பு வைத்திருப்பவர் அன்றுதான் வெளியூர் போயிருப்பார். சுவரில் பழைய வெள்ளக் கறை எந்த உயரத்தில் இருக்கிறதென்று ஊரின் மூத்தவர்களைக் கேட்டு, அந்த உயரத்தில் உட்சுவரைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். திருமுழுக்குப் பதிவேடு, பிளக், அரிசி மூட்டை, பாய்க்கட்டு எதுவும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது.